பெங்களூர்னு சொன்ன ரெண்டு பேரு

எனக்குக் கோவம் வந்தா புருஷன்னு பாக்க மாட்டேன். 'நீங்க'ன்றது 'நீ' ஆயிடும், 'நீ' 'டேய்' ஆயிடும். அன்னிக்கு நேரா 'டேய்'க்கே போய்ட்டேன். கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்து கோரமண்டல்ல எங்க லைன் வீட்டுச் சத்தம் கேக்காத ஆளே கிடையாது.

நடந்தது இன்னான்னு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் வீட்டுக்காரர் டேவிட்டுக்கு பெங்களூர்ல ஒரு பம்ப் கம்பெனில வேலை. விடியறதுக்குள்ள ட்ரெயின் புடிச்சா இருட்டுனப்பறம்தான் வீடு. ஜூலை மாசம், மழை கொட்டிக்கினு இருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை, "ஐடா, கம்பெனில ட்ரெயினிங், மைசூர்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துடுவேன்"னு பையை மாட்டிக்கினு கெளம்புனார். நானும் எலுமிச்சம் சாதம் கட்டிக் குடுத்து அனுப்புனேன். கட்டிக் குடுத்த இந்தக் கையை ஒடைக்கணும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வரல. திங்கக்கிழமை விடியக்காலைல வந்தார். முழங்கையில தோலு பேந்துருக்கு, கண்ணு ரத்தமா செவந்துருக்கு. "இன்னாங்க இது?"ன்னேன். "ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கிட்டேன்"னார். குளிச்சார். போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டார். பாவம், அசதின்னு நெனச்சேன்.

காப்பி போட்டுக்கினு டிவியை வெச்சேன். கன்னட நியூஸ். மேற்குக் கடற்கரையில கயாக்குன்னு ஒரு படகு கவுந்து பெங்களூர்க்காரர் ஒருத்தர் செத்துட்டாராம். பேரு விநாயக். கூட வந்தவங்களுக்கு அவரைத் தெரியாதாம், போனு கடல்ல போயிடுச்சாம், வீட்டு ஆளுங்க யாருன்னு தெரியாம போலீஸு பெங்களூர்ல தேடிக்கினு இருக்காம். தப்பிச்ச ஆளுங்களை மணல்ல குந்த வெச்சுக் காட்டுனாங்க. ஓரத்துல ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கினு இருந்தார். மேல மஞ்சள் சட்டை. கிறிஸ்மஸுக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டை!

போர்வையைப் புடிச்சு இழுத்தேன். "டேய், எந்திரிடா! மைசூர்ல கடல் எப்ப வந்துச்சு?"

எந்திரிச்சு குந்துனார். நான் விடுவேனா? பக்கத்து வீட்டு சரோஜம்மா அக்கா ஓடி வந்துட்டாங்க. அவங்க முன்னாடியே ஒண்ணொண்ணா கக்க வெச்சேன்.

கம்பெனில யாரோ போன்ல படம் காட்டுனானாம். ஒல்லியா நீளமா ஒரு படகு, ரெண்டு பேரு குந்தி துடுப்பு போட்டுக்கினு கடல் மேல போறது. அதுக்குப் பேரு கயாக்கு. இவருக்கு ஆசை வந்துடுச்சு. சீசன்ல போனா கைக்கு எட்டாது. மழைக்காலத்துல பாதி ரேட்டாம். இன்னாத்துக்குப் பாதி? கடல்லயே பொறந்தவன் படகை மேல ஏத்திட்டு, வலையை மடிச்சு வெச்சுட்டு, வூட்ல குந்திக்கினு இருக்கான். ட்ரெயின்லயே பாதி ஆயுசு போற இவருக்கு அலை கேக்குது! கூட்டிக்கினு போன படுபாவிங்களைச் சொல்லணும். நல்ல லைஃப் ஜாக்கெட்டெல்லாம் சீசனுக்குன்னு பூட்டி வெச்சுட்டு, பக்கிள் போய் கயிறு கட்டுன பழசை மாட்டி விட்ருக்கானுங்க. பாதி ரேட்டு குடுத்தா பாதி உசிருதானா நமக்கு?

"உன் கூட ஒரே படகுல இருந்தவன்தான் அந்த விநாயக்கா?"ன்னேன்.

ஆமான்னு தலையை ஆட்டுனார்.

"ரெண்டு நாளு ஒண்ணா இருந்தும் அவன் ஊரு இன்னான்னு தெரியாதா?"

"பெங்களூர்னான். நானும் பெங்களூர்னுதான் சொன்னேன்."

எனக்குத் தெரியும் இந்த வியாதி. எங்க ஊரு பசங்க பாதி பேருக்கு இருக்கு. கேஜிஎஃப்னு சொன்னா, வீட்ல தங்கம் இருக்கான்னு கேப்பான், இல்லேன்னா சினிமா பாத்துட்டு ரவுடியான்னு கேப்பான். அதனால வாயிலயே பெங்களூர். பெங்களூர்ல இவருக்கு ஒரு செங்கல்லு கூட சொந்தம் கிடையாது.

"ரெண்டு பேரும் கன்னடத்துலதான் பேசிக்கினு இருந்தோம்"னார். "அலை தூக்கி அடிச்சதும் கவுந்துட்டோம். ரெண்டு பேரும் படகைப் புடிச்சுக்கினு தொங்குறோம். அப்ப அவன், 'இன்னா பிரதர், அலை இப்டி வருது'ன்னான் ஐடா. தமிழ்ல. நம்ம தமிழ்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எந்த ஊருடா நீன்னேன். கேஜிஎஃப் மாரிகுப்பம்னான். நான் கோரமண்டல்டான்னேன். அந்த நெலமைலயும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. டெய்லி ஒரே ட்ரெயின்ல போய்க்கினு இருந்துருக்கோம். அடுத்த அலைல அவன் ஜாக்கெட்டு கயிறு அவுந்துடுச்சு."

சொல்லிட்டு அழுதார். சரோஜம்மா அக்கா வாயில முந்தானையை வெச்சுக்கினாங்க. எனக்கு அழுகையைத் தாண்டிக்கினு கோவம் வந்துச்சு.

"அப்ப உனக்குத் தெரியும். அவன் மாரிகுப்பம்னு இந்த உலகத்துல தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். போலீஸுகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என் அட்ரஸும் கேப்பாங்க. நீ போன் எடுப்ப. கம்பெனில உடம்பு சரியில்லன்னு லீவு சொல்லிருக்கேன்."

"அடப்பாவி! எனக்குப் பயந்துக்கினா ஒருத்தனை அனாதைப் பொணமா போட்டுட்டு வந்த? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைப்பாங்க, நீ ஒரு மனுஷனையே மறைச்சுட்டு வந்து தலைக்குக் குளிச்சிருக்க! மாரிகுப்பத்துல ஒருத்தி சோறு போட்டு வெச்சு வாசலைப் பாத்துக்கினு இருப்பாளேன்னு தோணலியா உனக்கு?"

போலீஸுக்குப் போன் போட வெச்சேன். அந்தப் பக்கம் இருந்த ஆள் கன்னடத்துல கிழி கிழின்னு கிழிச்சார். "கிழிங்க சார், நல்லா கிழிங்க"ன்னு நான் பக்கத்துல இருந்து கத்துனேன். கடைசில அவர், விநாயக் வீட்ல சொல்லி உடனே ஆளை அனுப்பச் சொல்லுங்கன்னுட்டு வெச்சார்.

"கெளம்பு. நீதான் வந்து சொல்லணும்"ன்னேன். சரோஜம்மா அக்காவும், "இந்த மாதிரி சேதிக்கு பொம்பளைங்க கூட இருக்கணும்"னு செருப்பு மாட்டிக்கினாங்க. ஆட்டோ புடிச்சோம். வழி பூரா நான் திட்டிக்கினேதான் போனேன்.

மாரிகுப்பம் ஸ்டேஷன்கிட்ட டீக்கடையில, பெங்களூர் வேலைக்குப் போற விநாயக் வீடு எதுன்னு கேட்டோம். "பின்னாடி லைன், பச்சைக் கதவு"ன்னு கை காட்டுனான் அந்த ஆள். அவனும் காலைல டிவி பாத்துருப்பான். செத்தது பெங்களூர்க்காரன்னுதானே சொன்னாங்க, அவனுக்கு இன்னா தெரியும்?

கதவு தொறந்துதான் இருந்துச்சு. என்னை விட சின்னப் பொண்ணு. பேரு நளினின்னு அப்பால தெரிஞ்சுக்கினேன். முறத்துல அரிசி பொடைச்சுக்கினு இருந்தவ எந்திரிச்சா.

"வாங்க, வாங்க. அவரைத் தேடி வந்தீங்களா? அவரு இல்லீங்களே."

டேவிட் நெலப்படியைப் புடிச்சுக்கினு நின்னார்.

"கம்பெனி ட்ரெயினிங்குன்னு மைசூர் போனாரு. நேத்தே வரணும். போனு போட்டா சுவிட்ச் ஆஃப். எங்க லைனுக்கு மட்டும் கரெண்டு வேற ராத்திரிலேர்ந்து இல்ல"ன்னா அவ. பாய் எடுத்து விரிச்சா. "குந்துங்க. நீங்க அவரு கூட வேலை செய்றவங்களா? அவரு வரட்டும், இருக்கு இன்னிக்கு. ஒரு போனு பண்ணக் கூடவா நேரம் இல்ல? நான் கேக்குற கேள்வியில ஜென்மத்துக்கும் மைசூர் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு பாருங்க."

என் கோவம் பூரா எங்க போச்சுன்னே தெரியல. காலைலேர்ந்து நான் திட்டுன திட்டு அத்தனையும் வாங்கிக்கினு, என் ஆளு என் பக்கத்துல உசிரோட நிக்கிறார். இவ இனிமே யாரைத் திட்டப் போறா?

சரோஜம்மா அக்கா போய் அவ தோளைப் புடிச்சுக்கினாங்க. அவ எங்க மூஞ்சிங்களை மாத்தி மாத்திப் பாத்தா. நான் டேவிட்டு முதுகுல கையை வெச்சேன்.

"மைசூர் இல்லம்மா"ன்னார்.