விஜயலட்சுமி உட்கார்ந்தால் நிற்கும் கார்

விஜயலட்சுமி ஓட்டினால் கார் நிற்கும். அவள் புருஷன் இளஞ்செழியன் ஓட்டினால் ஓடும். பொய்யென்றால் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் தடவை ரைஸ் மில் வளைவில், வேகத்தடையில் ஏறி இறங்கியதும் நின்றது. எதிரே டீக்கடை. நடுரோட்டில் கார் நின்றால் டீக்கடை சும்மா இருக்குமா? "அக்கா, லைசென்ஸ் எடுத்தீங்களே, பெட்ரோல் எடுத்தீங்களா?" என்று ஒரு குரல். சிரிப்பு அடங்குவதற்குள் செழியன் இறங்கி, கருகிப் போன ஃப்யூஸைப் பிடுங்கி வேறு போட்டு, தானே ஓட்டிக்கொண்டு வந்தான். வீடு வரைக்கும் கார் பூனை மாதிரி வந்தது. இரண்டாம் தடவை ஆற்றுப் பாலத்தில். மூன்றாம் தடவை சொந்த வாசலிலேயே.

செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியன். வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். மற்ற நாளெல்லாம் நாற்று, நடவு, உரம், திருவாரூரில் படிக்கிற மகள் கவிப்ரியாவின் காலேஜ் என்று எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுகிறவள் விஜயலட்சுமிதான். நன்னிலத்திலிருந்து உள்ளே தள்ளிய ஊர். பஸ் வந்தாலும் வரும், வராவிட்டால் கேட்க நாதியில்லை. அதனால்தான் போன லீவில் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கிப் போட்டார்கள். அவன் திரும்பி வருவதற்குள் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அந்த ஸ்கூல் காரெல்லாம் அவள் கையில் ஒழுங்காகத்தான் ஓடின. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் முருகையன், செழியனின் அண்ணன். மனுஷருக்கு அந்தக் கார் மேல் ஒரு கண். கொல்லையில் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, இடம் வேறு பண்ணி வைத்திருந்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் செழியன் தீர்ப்புச் சொன்னான். "அடுத்த வாரம் நான் கெளம்பறேன். கார் அண்ணன் வீட்ல நிக்கட்டும் விஜயா. அவசரம்னா ஒரு போன் பண்ணு, அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாரு."

விஜயலட்சுமி ரசக் கரண்டியைத் தட்டென்று கீழே வைத்தாள். அண்ணன் வருவாராம்! அவர் குளித்து, விபூதி பூசி, செருப்பைத் தேடி, வெற்றிலை போட்டு, வண்டியை எடுப்பதற்குள் அவசரம் தானே சரியாகிவிடும். ஒரு மூட்டை யூரியாவுக்கும் ஒரு காய்ச்சலுக்கும் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிற பிழைப்பு இனி வேண்டாம் என்றுதானே அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்?

"ஏங்க, கோளாறு வண்டில இருந்தா?"

"கரண்டைப் பத்தி எனக்கே சொல்றியா? நான் ஓட்டினா ஓடுதுல்ல? கோளாறு வண்டில இல்ல, உன் கால்ல இருக்கு. கிளட்சைப் போட்டு அப்படி மிதிக்கிற."

"கிளட்சை மிதிச்சா ஃப்யூஸ் போவுமா? சிங்கப்பூர்ல அப்படியா சொல்லித் தராங்க?"

செழியன் அவசரமாக மோர் கேட்டான்.

நன்னிலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்துல் மஜீது ஏற்கெனவே ஒரு தடவை காரைப் பார்த்தவர்தான். ஆறடி ஆள். ஏறினார், சீட்டைப் பின்னால் தள்ளினார், ஊரைச் சுற்றி வந்தார், "ஒரு கோளாறும் இல்லம்மா" என்று இறங்கினார். மறுநாள் காலையில் விஜயலட்சுமி புருஷனையும் காரையும் ஒருசேரக் கிளப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். ஓட்டி வந்தவன் செழியன். ஆகவே கார் நிற்கவில்லை.

மஜீது பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டார். ஃப்யூஸைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒரு பல்பைச் சொருகினார். "எங்கயாச்சும் ஒயர் பாடியில தொட்டுச்சின்னா பல்பு எரியும். இல்லன்னா எரியாது" என்று சாவியைத் திருப்பினார். பல்பு எரியவில்லை. பானெட்டுக்குள் ஒயர்களை உலுக்கினார். எரியவில்லை. டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து குதித்தார். கார்தான் ஆடியது.

"நான்தான் சொன்னேன்ல பாய்?" என்றான் செழியன், டீ கிளாஸும் கையுமாக.

"பாய், கொஞ்சம் எறங்குங்க" என்றாள் விஜயலட்சுமி. "நான் ஓட்டினாதானே நிக்குது? நீங்க ஆளாளுக்கு ஏறி உக்காந்து பாத்தா எப்படித் தெரியும்? நான் உக்கார்றேன்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக மஜீதுக்குப் பட்டது. இறங்கினார்.

அவள் ஏறினாள். குள்ளமான உடம்பு. அவர் தள்ளி வைத்த இடத்தில் உட்கார்ந்தால் கால் பிரேக்கைத் தொடாது. வழக்கம்போல் சீட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்தாள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அல்லாவே!" என்றார் மஜீது. "பின்னால தள்ளும்மா." தள்ளினாள், அணைந்தது. "முன்னால இழு." இழுத்தாள், எரிந்தது. பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கூட டியூபைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். விஜயலட்சுமிக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. கால் இல்லை, கிளட்ச் இல்லை, கூடமேதான் கோணல்!

மஜீது சீட்டைக் கழற்றி, அடியிலிருந்த தரைவிரிப்பை உரித்தார். அடியில் ஒரு சிவப்பு ஒயர், பின்பக்கம் வைத்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் போவது. சீட்டு நகரும் தண்டவாளத்தில் உரசி உரசி, செம்பு வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. முதலில் வண்டி குலுங்கினால்தான் தொட்டிருக்கும், இப்போது சீட்டை முன்னால் இழுத்தாலே தொட்டது. அதற்குக் கரண்டு எடுத்திருந்த இடம் பம்பின் ஃப்யூஸ். ஒயர் தொட்டால் ஃப்யூஸ் போகும், பம்பு நிற்கும், கார் படுத்துவிடும். ஒயரில் ஒரு ஒட்டு. ஒட்டின் மேல் டேப் இல்லை, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

"இதப் பாரும்மா கூத்தை! ஒயருக்கு என்ன கட்டியா வந்துச்சு, பிளாஸ்திரி போட்ருக்கான்? எந்தப் பய வேலை இது? கரண்டுன்னா என்னன்னே தெரியாத பய!"

செழியன் டீயை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. போன லீவின் கடைசி நாள் அது. சிங்கப்பூர் கிளம்புமுன் பாட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று அவனேதான் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்தான். பாதியில் டேப் தீர்ந்துபோக, மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தவளே விஜயலட்சுமிதான். அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் காது நுனிவரை சிவந்திருந்தது. பாவம், அவனுக்கும் ஊரில் ஒரு பேர் இருக்கிறதே.

"அது யாரோ வெளிநாட்டு எஞ்சினியர் பாய்" என்றாள். "ரொம்பப் பெரிய ஆளு. நம்ம ஊரு டேப்பெல்லாம் தொடமாட்டாரு."

ஒயரை மாற்றிக் கட்டி முடித்ததும் அவளே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். செழியன் மறுபக்கம் ஏறினான். ரைஸ் மில் வளைவு போயிற்று, பாலம் போயிற்று. டீக்கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செழியனும்தான்.

"என்னங்க, பேச்சையே காணோம்? நாக்குல பிளாஸ்திரியா?"

அவன் வெளியே வயலைப் பார்த்தபடியே சொன்னான். "கால்ல கோளாறு இல்லன்னு எனக்கு மொதல் நாளே தெரியும் விஜயா. கிளட்ச் மிதிச்சா ஃப்யூஸ் போவாதுன்னு எலக்ட்ரீசியனுக்குத் தெரியாதா? வண்டி நின்னா நீ என்னைக் கூப்பிடுவ, நான் எறங்கி ஃப்யூஸ் போடுவேன். அது ஒண்ணாவது எனக்குன்னு இருந்துச்சு. நெல்லு, பொண்ணு, வீடு எல்லாம் நீயே பாத்துக்கற. இதையும் நீயே ஓட்டிட்டா, லீவுல வந்து நான் என்னதான் செய்யறது?"

விஜயலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. கியரை மாற்றினாள்.

"இப்படிப் பக்கத்துல உக்காந்து வாங்க. அதுக்குத்தாங்க எனக்கு இத்தனை வருஷமா ஆளே இல்ல."

முருகையன் வீட்டு வாசலில் கேட் அகலத் திறந்திருந்தது. அவர் தோளில் துண்டோடு, காரை உள்ளே விடச்சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் வேகத்தைக் குறைத்துப் புருஷனைப் பார்த்தாள்.

செழியன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"கேட்டைச் சாத்திக்கங்கண்ணே. கார் எங்க வீட்லயே நிக்கட்டும். அடுத்த வாரம் என்னைத் திருச்சி ஏர்போர்ட்டுல கொண்டு விடப் போறதே விஜயாதான்."