பாய்மரத்தடி மாதா

திருநீறு பூசுகிற பாக்கியரத்தினத்துக்கு யேசுநாதர் மேல் வந்த ஆசையைப் பற்றித் திருகோணமலையில் கதைக்காத ஆள் இல்லை. ஆசையென்றால் பக்தி இல்லை, காசு. கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்து ஆண்ட பழைய ராசாக்கள், தங்கள் முகத்தை விட்டுவிட்டு யேசுவின் முகத்தைப் போட்டு அடித்த செப்புக்காசுகள். வெள்ளைக்காரன் கடற்படை டொக்யாட்டைக் கைவிட்டுப் போன வருசம், கப்பல் ஏறப்போன ஒரு கப்டன், ஸ்டோர்ஸ் கிளாக்கராக இருந்த இவருக்கு அவற்றைத் தட்டோடு கொடுத்துவிட்டுப் போனான். நீல வெல்வெட் போட்ட தட்டு, ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி. ஒரு குழி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிற மாதா அதில் இருக்கவேண்டும், தனக்குக் கிடைக்கவில்லை என்று அவன் சொல்லிவிட்டுப் போனதுதான் வினை. அந்தச் சின்னக் குழி மனிசனைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிட்டது.

மனைவி இராசமலர் மூதூர் முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளி, சனி லீவுக்கு வியாழன் பின்னேரம் ஸெய்னுதீனின் பாய்த்தோணியில் குடாவைக் கடந்து வருவாள். "உங்களுக்கு நான் வேணுமோ, அந்தக் குழிக்கு மாதா வேணுமோ?" என்று பகிடி பண்ணுவாள். "ரெண்டும்தான்" என்பார் இவர்.

ஒரு கிழமை ஸெய்னுதீன் தோணியைக் கரையில் ஏற்றிப் பாய்மரத்தைக் கழற்றித் தார் பூசிக்கொண்டிருந்தார். பாக்கியரத்தினம் பேச்சுத்துணைக்குப் போய் நின்றார். தோணிக்குள் பாய்மரம் நிற்கிற குழியின் மேல் ஒரு சாரத்துண்டு போட்டு மூடியிருந்தது.

"ஏன் நானா, குழிக்கும் குளிருதோ?"

"அதுக்குள்ள ஒரு காசு கிடக்குது ஐயா. தோணி கட்டின அண்டைக்கு எங்கட மூத்தவாப்பா வச்சது. மரத்தைத் தாங்கிற காசு. நாங்க அதைப் பார்க்கிறதுமில்ல, தொடுறதுமில்ல." பள்ளிவாசலில் வாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ ஐயா, தொழுதிட்டு வாறன்."

நம்பி விட்டுப்போனான் மனிசன்! பாக்கியரத்தினம் சாரத்துண்டைத் தூக்கினார். பச்சை பிடித்த செப்புக்காசு. விரலால் துடைத்தார். காதளவுக்கு இரண்டு கையையும் தூக்கி நின்றாள் மாதா. காசுக்குக் காசுதானே என்று சட்டைப்பையில் கிடந்த மினுமினுக்கிற சதுர அஞ்சு சதத்தைக் குழிக்குள் வைத்து மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நின்றார். தொழுதுவிட்டு வந்த ஸெய்னுதீன், குனிந்துகூடப் பாராமல் மரத்தைக் குழிக்குள் இறக்கி இறுக்கினார்.

வீட்டில் மாதாவைத் தட்டில் வைத்தார். குழிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கைகள் தோளளவில் இருந்தன. சீ, நான்தான் பிழையாகப் பார்த்திருப்பேன் என்று தன்னைத்தானே பேசிக்கொண்டார். அதற்கடுத்த நாள் கைகள் நெஞ்சுக்கு வந்திருந்தன. யேசுநாதர் எல்லாரும் அப்படியே இருந்தார்கள், இவள் ஒருத்திதான். தட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

ஸெய்னுதீனிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் என்னவென்று சொல்வது? தொழப் போன நேரம் பார்த்துக் களவெடுத்தனான் என்றோ? நாலு பேர் "ஐயா" என்று கூப்பிடுகிற மனிசன் அல்லவோ! வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது. வியாழன் விடிந்தபோது பயம் வெட்கத்தை வென்றது. காசைப் பொத்திக்கொண்டு, தோணிகள் அணைகிற ஜெட்டிக்கு ஓடினார். ஸெய்னுதீனின் தோணி மூதூருக்குப் போய்விட்டது. அவர் அங்கேயே நின்றார்.

பின்னேரம் கச்சான் காற்றுச் சுழன்று அடித்தது. தூரத்தில் பாய் தெரிந்தது. பாய்மரம் ஒரு பக்கம் சரிந்து, சரிந்து, இன்னும் சரிந்தது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மாதாவின் கைகள் இரண்டும் இடுப்போடு தொங்கிக்கிடந்தன.

"ஐயோ, இராசமலர்!" என்று கத்தியபடி, தன்னையறியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். பாய்மரம் நிமிர்ந்தது.

கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைக்க ஒரு கையை இறக்கினார். மரம் உடனே சரிந்தது. தூக்கினார், நிமிர்ந்தது. பிறகு அவர் கையை அசைக்கவே இல்லை. ஜெட்டியில் நின்றவர்கள், "என்ன ஐயா, ஆரைக் கும்பிடுறீங்கள்?" என்று சிரித்தார்கள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தோள்மூட்டு இரண்டிலும் நெருப்பு எரிந்தது, விரல்கள் மரத்துப்போயின. இவள் மட்டும் கரைக்கு வந்தால் போதும் ஆண்டவனே, வேறொன்றும் வேண்டாம் என்று எந்த ஆண்டவன் என்று தெரியாமலே மன்றாடிக்கொண்டு நின்றார்.

தோணி வந்து அணைந்தது. இராசமலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்தாள். "இஞ்சருங்கோ, என்ன இது? தேர் ஏதும் வருகுதோ, கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறியள்?"

அவள் ஜெட்டிக்கு ஏறிவிட்டாள். அவர் கையை இறக்கினார். அந்தச் சுகத்தில் கண்ணை மூடினார்.

பாய்மரம் அடியோடு பெயர்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

ஸெய்னுதீன் மரத்தடியில் குனிந்து பாய் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாக்கியரத்தினத்துக்கு அந்த மனிசனின் ஞாபகமே வரவில்லை. எல்லாரும் தோணிக்குள் பாய்ந்து அவர் மேல் கிடந்த மரத்தைத் தூக்கினார்கள். ஸெய்னுதீன் எழும்பவில்லை.

மரம் நின்ற குழிக்குள் ஏதோ மினுங்கியது. ஒருவர் குனிந்து எடுத்தார். "என்னடா இது? மூத்தவாப்பா வச்ச பழங்காசு எங்க? புது அஞ்சு சதமெல்லோ கிடக்குது!"

இராசமலர் அந்தச் சதுரக் காசைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் பொத்திய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.