மூன்லைட் மாளிகையின் அளவுப் புத்தகம்

ஸஃப்னாவிடம் வாப்பாவைப் பற்றி இருந்தது ஒரு விளக்கு மட்டும்தான்.

யாழ்ப்பாணத்தில், பெரியகடையில், மூன்லைட் மாளிகை என்ற மூன்று மாடிக் கடையில் அது தொங்கியது. வாப்பாவின் தோளில் இருந்தபடி அவள் கையை நீட்டி அதைத் தொட்டாள். கண்ணாடி மணிகள் ஒன்றோடொன்று பட்டன. தண்ணீருக்குள் கேட்பது போல ஒரு சத்தம். கீழே ஆட்களின் தலைகள், துணிச் சுருள்கள், அலுமாரிகளின் தூசி படிந்த மேற்பலகைகள். யாருமே பார்க்காத அந்த மேற்பலகைகளை அவள் பார்த்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

அதே வருஷம் ஒக்டோபர் கடைசியில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னது. இரண்டு மணித்தியால அவகாசம், ஆளுக்கொரு பை. படங்கள் எல்லாம் வீட்டுச் சுவரிலேயே நின்றுவிட்டன. கற்பிட்டிப் பக்கத்து முகாமில் ஐம்பதாம் நாள் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐம்பத்தாறாம் நாள், இருபத்தாறு வயதில், அவர் இல்லை. உம்மாவிடம் வாப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால், "நல்ல மனிசன்" என்பாள். அதற்குமேல் கேட்டால் அழுவாள். பிறகு உம்மாவும் போய்விட்டாள். வேறு யாரிடமும் கேட்க ஸஃப்னாவுக்கு மனம் வரவில்லை.

மிஞ்சிய அந்த விளக்கிலிருந்து ஸஃப்னா ஒரு மனிதரைக் கட்டி எழுப்பியிருந்தாள். விளக்கை எட்டும் தோள் என்றால் உயரமான தோள். அகன்ற நெஞ்சு. வாசலில் குனிந்து நுழைகிறவர். முப்பத்தைந்து வருஷமாக அவர் அப்படியே நின்றார்.

இப்போது அவள் மாம்புரியில் விஞ்ஞான ஆசிரியை. அதிகம் பேசமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஆலங்குடாவில் இருக்கும் சாச்சாவின் மகள் ஸபீனா ஃபோனில் அழைத்தாள்.

"ராத்தா, ஒரு புதினம் கேளுங்க. அளவு இஸ்ஹாக் மாமாட வீட்டில கறையான். அலீமா மாமி அலுமாரியில இருந்ததெல்லாத்தையும் முற்றத்தில காயப் போட்டிருக்கா. அதில ஒண்டு மூன்லைட் மாளிகையிட அளவுப் புத்தகமாம்."

"என்ன அளவு?"

"சேட் தைக்க, களிசான் தைக்க எடுக்கிற அளவு. இஸ்ஹாக் மாமா அங்க துணி வெட்டுற கட்டர்தானே. தொண்ணூறாம் ஆண்டுப் புத்தகம். பாதிய கறையான் திண்டிட்டுதாம். மிச்சத்த மாமி கொளுத்தப் போறன் எண்டு நிக்கிறா."

ஸஃப்னா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தாள்.

"ராத்தா, இருக்கிறீங்களா?"

"ஓம்."

"பெரியப்பா அந்த வருஷப் பெருநாளைக்கு அங்கதான் உடுப்புத் தைச்சார் எண்டு வாப்பா சொல்லுவார்."

மறுநாள் காலை அவள் பஸ் ஏறினாள். கச்சான் காற்று தொடங்கியிருந்தது. நுரைச்சோலைப் பக்கம் காற்றாலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத வேகத்தில் சுற்றின. அவள் மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இன்று ஒரு இலக்கம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கறையான் எந்தப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியதோ தெரியாது.

இஸ்ஹாக்கின் முற்றம் முழுவதும் காகிதம். பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காவலிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் மனைவி அலீமா ஈர்க்குமாறும் கையுமாக வந்தாள்.

"வாங்க மகள். நீங்களும் அளவு தேடித்தான் வந்தீங்களா? நேத்திலயிருந்து நாலு பேர் வந்திட்டாங்க. தங்கட வாலிபத்து இடுப்பப் பார்த்திட்டு, பெருமூச்சு விட்டிட்டுப் போறாங்க."

ஸஃப்னா சலாம் சொல்லி, வாப்பாவின் பெயரைச் சொன்னாள். பதுர்தீன். பெரியகடையில் சைக்கிள் கடையில் வேலை செய்தவர்.

இஸ்ஹாக் கண்ணை மூடி யோசித்தார்.

"முகம் ஞாபகமில்ல மகள். பொய் சொல்லக்கூடாது. நான் ஆக்களக் கழுத்துக்குக் கீழதான் பார்த்தது. ஆனா தைச்சிருந்தா இதில இருப்பார்."

"இதப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாரே இந்த மனிசன்" என்றாள் அலீமா. "எல்லாரும் அரிசி கொண்டு வந்தாங்க, சட்டி பானை கொண்டு வந்தாங்க. இவர் ஊராக்கள்ற இடுப்பக் கொண்டு வந்தார்."

"பதினேழு ஓடர் வெட்டாமக் கிடந்திச்சு புள்ள" என்றார் இஸ்ஹாக், ஸஃப்னாவைப் பார்த்து. "கோட்டைச் சண்டையில கடையப் பூட்டின பிறகு நான் புத்தகத்தையும் கொண்டு வந்து வீட்டில வச்சு வெட்டினன். போகச் சொன்ன நேரம், ஒரு கிழமையில திரும்பிடுவம் எண்டு நினைச்சன். இங்க இருந்து வெட்டிக்கொண்டு போனா, போன உடன தைக்கலாம். கலியாண உடுப்பும் இருந்திச்சு அதில. மாப்பிள்ளைமார் ஏசமாட்டாங்களா?"

"வழியில பையச் சோதிச்ச பொடியன் இதத் திறந்து பார்த்தான்" என்றாள் அலீமா. "வெறும் இலக்கம். என்ன கணக்கு எண்டு கேட்டான். நெஞ்சுக் கணக்கு எண்டார் இவர். எங்களுக்குச் சாகிற பயம். அவன் சிரிச்சிட்டுத் திருப்பித் தந்தான்."

ஸஃப்னா முதல் சிரட்டையைத் தூக்கினாள்.

பக்கங்களின் இடது ஓரத்தைத்தான் கறையான் தின்றிருந்தது. பெயர்கள் இருந்த ஓரம். எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. நெஞ்சு முப்பத்தெட்டு. கை இருபத்துமூன்றரை. கழுத்து பதினைந்து. பெயரில்லாத மனிதர்கள் வரிசை வரிசையாக, கைகளைச் சற்று விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. இவர்களில் ஒருவராக வாப்பா இருந்தால் அவளுக்குத் தெரியவே போவதில்லை.

"நோன்பு மாசத்துப் பக்கங்கள் அங்க, கிணத்தடியில" என்றார் இஸ்ஹாக். "மெல்லமா எடுங்க. பொடிஞ்சிடும்."

அவள் கிணற்றடியில் குந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்னால் இரண்டு பேரும் பேச்சிலேயே மூன்லைட் மாளிகையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்காகத் தொடங்கிய கதை, பிறகு அவளை மறந்துவிட்டது.

"கீழ் மாடியில சென்ட், பவுடர், சூட்கேஸ். ரெண்டாம் மாடி சீலை. மேல தையல்" என்றார் இஸ்ஹாக்.

"சீலையும் கீழதான். வாசல் கண்ணாடிக்குள்ள ஒரு மரப் பொம்பிளை நிப்பா. கிழமைக்கு ஒரு சீலை மாத்துவா. கலியாணத்துக்கு முந்தி நாங்க அவவப் பார்க்கத்தான் போறது."

"அது மூன்லைட் இல்ல. அது எதிர்க்கடை."

"எதிர்க்கடையில இருந்தது லிப்ட். எனக்குத் தெரியாதா?"

"அந்த லிப்ட் ஒரு நாளும் ஓடினதில்லயே."

"ஓடாது. ஆனா உள்ள நிக்க விடுவாங்க. கதவச் சாத்தி, கொஞ்ச நேரம் நிண்டு, திரும்பத் திறந்து அதே மாடியில இறங்குவம். வெளிய வந்தா எல்லாம் புதுசா இருக்கும்."

காற்று வந்தது. முற்றத்துக் காகிதங்களின் ஓரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, சிரட்டைகளுக்குக் கீழே துடித்தன. அந்தக் கணம் ஸஃப்னாவுக்கு மணலின் மேல் ஒரு கடை நிற்பது தெரிந்தது. தென்னைகளுக்கு நடுவே படிகள். கண்ணாடிக்குள் ஒரு மரப் பெண். ஓடாத லிப்டுக்குள் வயதேறாத பெண்கள், கதவு திறக்கக் காத்துக்கொண்டு.

"ரெண்டாயிரத்துப் பத்தில போய்ப் பார்த்தன்" என்றார் இஸ்ஹாக். "மூன்லைட் இருந்த இடத்தில வாகனம் நிப்பாட்டுறாங்க. எதிர்க்கடையும் இல்ல. நான் கட்டர் மேசை இருந்த இடத்தில போய் நிண்டன். மேசை இருந்தது மேல மூண்டாம் மாடி, நான் நிண்டது நிலத்தில. ஆனாலும் இடம் அதுதான். ஒருத்தன் ஹோர்ன் அடிச்சான்."

ஸஃப்னா அடுத்த சிரட்டையைத் தூக்கினாள்.

ஒன்பதாவது சிரட்டையின் கீழே அவர் இருந்தார்.

ஓரம் கடிபட்டிருந்தாலும் பெயரில் பாதி மிஞ்சியிருந்தது. '...தீன், சைக்கிள் கடை. நோன்பு 15.' ஸஃப்னா தாளைக் கையில் எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே குனிந்து வாசித்தாள்.

நெஞ்சு முப்பத்துமூன்று. இடுப்பு இருபத்தெட்டு. களிசான் நீளம் முப்பத்தெட்டு.

அவள் இன்னொரு முறை வாசித்தாள். முப்பத்துமூன்று என்பது பதினோராம் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பையனின் நெஞ்சு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்குமான அந்தக் களிசான் நீளத்திலிருந்து உயரத்தை மனதுக்குள் கணித்தாள். கணக்கு அவளுக்குத் தானாக வரும், வேண்டாமென்றாலும் வரும். ஐந்தடி நாலு. அவள் ஐந்தடி ஐந்து.

வாசலில் குனிந்து நுழைகிறவர் எங்கோ போய்விட்டார். அந்த இடத்தில் இருபத்தாறு வயது மெலிந்த பையன் ஒருவன் நின்றான். அவளை விடப் பதின்மூன்று வயது இளையவன்.

"கிடைச்சிட்டுதா?" என்றாள் அலீமா.

"ஓம் மாமி." அவள் எழும்பினாள். "மாமா, அந்தக் கடையில கண்ணாடி விளக்கு ஒண்டு தொங்கிச்சா? மணி மணியா?"

"அங்க ஏது விளக்கு? டியூப் லைட்தான்" என்றாள் அலீமா.

"நீ தையல் மாடிக்கு வந்திருக்கிறியா? பொம்பிளைகள் அங்க வாறதில்லயே" என்ற இஸ்ஹாக் ஸஃப்னாவிடம் திரும்பினார். "இருந்திச்சு மகள். அளவு எடுக்கிற இடத்தில, கண்ணாடிக்கு முன்னால."

"எவ்வளவு உயரத்தில?"

இஸ்ஹாக்குக்கு அந்தக் கேள்வி பிடித்தது. "எட்டரை அடி. ஏணி வாங்க நான்தான் அளந்தது."

ஐந்தடி நாலு மனிதனின் தோள் நாலே கால் அடியில் இருக்கும். கூடிப்போனால் நாலரை. அதில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளை கையை முழுதாக நீட்டினால் இன்னும் இரண்டே முக்கால். எப்படிக் கூட்டினாலும் ஏழே கால் அடி. ஒன்றே கால் அடி குறைந்தது.

அப்படியென்றால் அவள் விளக்கைத் தொடவில்லை. உம்மா சொன்ன கதையாக இருக்கலாம். கனவாக இருக்கலாம். இருந்தது அது ஒன்றுதான். அதையும் அவளே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து கணக்குப் போட்டு அழித்துவிட்டாள். அவள் சால்வையின் நுனியை விரலில் சுற்றினாள்.

இஸ்ஹாக் தடியை ஊன்றிக் கிணற்றடிக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தார்.

"எங்க பார்ப்பம். நெஞ்சு... இடுப்பு... கை இருபத்திரண்டரை... இதென்ன, தோள் வெறுமையாக் கிடக்கு?" விரலை வரியின் கடைசிக்கு நகர்த்தினார். அங்கே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது. ஸஃப்னா எண்களை மட்டுமே பார்த்திருந்தாள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"தோள் பிறகு. பிள்ளை இறங்கேல்ல."

காற்று நின்றிருந்தது போல ஸஃப்னாவுக்குத் தோன்றியது. தென்னை ஓலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

"நீங்கதானா அது?" என்றார் அவர். "அடாத்தான புள்ளையா இருந்திருக்கிறீங்க. எழுதி வைக்காட்டி தையல் மாஸ்டர் என்னை ஏசுவார், ஏன் அளவு குறையுது எண்டு. அதுதான் எழுதியிருக்கிறன்."

"மாமா" என்றாள் ஸஃப்னா. "அளவு எடுக்கேக்குள்ள ஆக்கள் எங்க நிப்பாங்க?"

"பெட்டியிலதான். எனக்கு அப்பவே முதுகு நோவு. குனிஞ்சு களிசான் அளவு எடுக்கேலா. மரப்பெட்டி ஒண்டு செஞ்சு, மேல சிவப்புத் துணி அடிச்சு வச்சிருந்தன். ஏறி நிக்க வேணும். சில ஆக்களுக்கு வெக்கம், மேடையில ஏத்தினாப்போல."

"எவ்வளவு உயரம்?"

"ஒண்டரை அடி."

அவள் கூட்டவில்லை. தேவையில்லை. சிவப்புத் துணி போட்ட பெட்டியின் மேல் இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன், நோன்போடு, கைகளை விரித்து நிற்கிறான். கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறான். தோளில் ஒரு பிள்ளை, இறங்கமாட்டேன் என்று அவன் தலைமயிரை ஒரு கையால் பிடித்திருக்கிறது. மற்றக் கை மேலே போகிறது. மணிகள் ஒலிக்கின்றன.

"இறங்கு எண்டு அவர் அதட்டேல்லயா?" என்று கேட்டாள்.

"அதட்டியிருந்தா நீங்க இறங்கியிருப்பீங்க, நான் தோள் அளவு எழுதியிருப்பன்."

அலீமா ஈர்க்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். தேத்தண்ணிக் கோப்பைகளோடு திரும்பி வந்தாள். கொளுத்துகிற பேச்சை எடுக்கவில்லை.

இஸ்ஹாக் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றினார்.

"அப்ப கண் மதிப்பில வெட்டியிருப்பன். எத்தனை எண்டு ஞாபகமில்ல. ஆனா தோளில இருந்த ஆள் நீங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சுக் காட்டுங்க, எவ்வளவு அகலம் எண்டு. அளந்து எழுதிவிடுவம். முப்பத்தஞ்சு வருஷமா ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். ஸஃப்னா கைகளை மெல்ல உயர்த்தினாள். கண்ணை மூடினாள். கைகளுக்கு நடுவே கொஞ்ச இடம் விட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினாள். நாடா காற்றில் அசைந்தது. அது தொடுவதற்கு முன் அவள் கைகளை இறக்கிவிட்டாள்.

"வேணாம் மாமா. அப்பிடியே கிடக்கட்டும்."

"ஏன்?"

அவளுக்கு வெட்கம் வந்தது. தாளின் மேல் சிரட்டையைக் கவனமாகக் கவிழ்த்தாள்.

"பிள்ளை இன்னும் இறங்கேல்லயே."

இஸ்ஹாக் பென்சிலைத் திரும்பப் பையில் போட்டார். அலீமா வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி சரி, இறங்காட்டி இறங்காத. மேலயிருந்தே இந்தத் தேத்தண்ணியப் பிடி. ஆறுது."