வேரடிக்காரன்

தூண்டில் கோலை எந்தக் கையில் பிடிப்பது என்று லோர்னா யோசித்தாள். முப்பது வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். ஆற்றில் இறங்கிய பிறகு அவள் கையைப் பற்றி யோசித்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. திங்கட்கிழமை மிசூலா நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பும் என்று டாக்டர் உறுதி தரவில்லை. இடது கையில் கோலை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வலது கைக்கே மாற்றினாள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மீன். எதிர்க்கரையில் வில்லோ மரத்தின் வேர்களுக்கு அடியில், தண்ணீர் குடைந்த பொந்தில் குடியிருக்கும் பெரிய பழுப்பு ட்ரௌட். வேரடிக்காரன் என்று பெயரே வைத்துவிட்டோம். மூன்று இலையுதிர் காலமாக அவள் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் ஈக்களை எல்லாம் அது மூக்குக்கு எட்டும் தூரம் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. இதில் அவளுடைய தம்பி மெர்லுக்குத்தான் பரம சந்தோஷம். காலையில் பெட்ரோல் பங்கில் காபியும் கையுமாக நின்றவன் எங்களை விடவில்லை.

"என்னக்கா, அந்த மீனு வயசாகிச் செத்து மெதந்தாத்தான் உன் கைக்கு வரும் போல?"

"மெதக்குறதப் பொறுக்குறது உன் வேலைடா. என்னை ஏன் இழுக்குற?" என்றாள்.

வானம் மூடிக் கிடந்தது. பனியும் மழையும் கலந்து தூறியது. அக்டோபரில் வெயில் அடித்தால் முகம் சுளிக்கிற கூட்டம் நாங்கள்; இப்படி மூடினால்தான் சாம்பல் நிறச் சின்ன ஈக்கள் ஆற்றிலிருந்து கிளம்பும், பெரிய மீன்கள் மேலே வரும். காட்டன்வுட் மரத்து இலைகள் மஞ்சளாக மிதந்து வந்தன. நான் கூழாங்கல் திட்டில் உட்கார்ந்திருந்தேன். வேரடியில் ஒரு மூக்கு தெரிந்தது, மறைந்தது. வட்டம் விரிந்தது.

"யோவ் டுவெயின், அந்தக் கட்டிங் பிளேயரக் குடு."

கொடுத்தேன். பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்கள் என்பதால், முள்ளின் நுனியில் இருக்கும் எதிர்முள்ளை அமுக்கி மழுக்கிவிட்டுத்தான் இங்கே எல்லோரும் வீசுவார்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தாள். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அமுக்கினால் அப்படிச் சத்தம் வராது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்கையை மட்டும் அசைத்து, கோலைத் தண்ணீருக்குச் சமமாகப் படுக்கவைத்து வீசினாள். நடு நீரோட்டம் நூலை இழுத்துக்கொண்டு போக, பொய் ஈ தரதரவென்று தண்ணீரில் கோடு போட்டது; நிஜ ஈ அப்படிப் போகாது. அடுத்தது ஓர் இலையில் மாட்டியது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. 'போதும், வா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூன்றாவது வீச்சு. நூல் நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைந்து, தளர்ந்து விழுந்தது. அரைக் கையால் ஒருத்தி அப்படி வீசுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். நிஜ ஈக்கள் நடுவே அதுவும் ஒன்றாக, அவசரமே இல்லாமல் வேரடிக்குப் போனது.

வேரடிக்காரன் வந்தான். இந்த முறை நின்று பார்க்கவில்லை. வாய் வெள்ளையாகத் திறந்து மூடியது. ஈயைக் காணோம்.

"தூக்கு! லோர்னா, கோலத் தூக்கு!"

அவள் தூக்கவில்லை. நின்றாள். நூல் துவண்டே கிடந்தது. கொஞ்ச தூரம் கீழே ஈ துப்பிய விதைபோல் மேலே வந்து மிதந்தது. நான் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தேன்.

"மூணு வருஷம்! ஏன் தூக்கல? கை வெளங்காமப் போச்சா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. தண்ணீரை அளைந்துகொண்டு என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள். இறகு இருந்தது, நூல்கட்டு இருந்தது. வளைந்த முள் இல்லை.

"வெட்டிட்டியா?"

"பின்ன? இந்தக் கைய வச்சுக்கிட்டு அவன எவ்வளவு நேரம் இழுத்துக்கிட்டு நிக்கிறது? ஜோடி சேர்ற மாசம் வேற. களைச்சே செத்துருவான்." மூச்சு வாங்கினாள். "அவன் ஏமாறுவானான்னு தெரியணும். ஏமாந்தான்."

"மெர்ல் நம்ப மாட்டான்."

"அவன் நம்பி எனக்கு என்ன ஆகணும்? நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

நானாக இருந்தால் தோள் கழன்று விழுந்தாலும் முள்ளோடுதான் வீசியிருப்பேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "தெரியும்" என்று சிரித்தாள். அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

பழக்கத்தில் ஈயைத் தொப்பியில் குத்தப் போனாள். குத்துவதற்கு முள் இல்லை, நழுவியது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது. வலது உள்ளங்கையிலேயே வைத்து மூடிக்கொண்டாள். வண்டிக் கதவை நான்தான் திறந்துவிட்டேன், பெல்ட்டையும் நானே மாட்டினேன். கண்ணாடியில் பனித்தூறல் விழுந்து வழிந்தது. வீடு வரும்வரை அந்தக் கை மடியில் மூடியபடியே இருந்தது.