ஹரிஷா எந்தத் தொகுதி?

பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளை எண்ணிச் சொல்வது அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் பிருந்தன் ஒப்புக்கொண்டான். பேர்ண் நகருக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவனும் படித்தவன். இப்போது காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. ஜெர்மன் நன்றாக எழுதுவான் என்று அதிபர் ஜெயமலர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கு வகுப்பறைகளை இலவசமாகக் கொடுத்துவந்த உள்ளூர் நிர்வாகம் இந்த ஆண்டு முதல்முறையாகக் கணக்குக் கேட்டிருந்தது. ஏழாம் வகுப்பில் ஒன்றாகத் தொடங்குகிறவர்கள் ஒரு தொகுதி. நான்கு ஆண்டு முடிவில் அவர்களில் பாதிப்பேராவது பத்தாம் வகுப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் அறைகள் வேறு சங்கத்துக்குப் போகும்.

2021 தொகுதியில் கழித்தது போக ஒன்பது பேர். அட்லிஸ்விலுக்கு வீடு மாறிய ஒருத்தியை அவள் சேர்ந்ததை அங்குள்ள தமிழ்ப் பள்ளி உறுதிப்படுத்தியதும் முன்பே கழித்தாகிவிட்டது. சும்மா நின்றுபோனவர்களைக் கழிக்க முடியாது. முடிக்கப்போகிறவர்கள் நான்கு பேர்.

“நாலோ? பத்தாம் வகுப்பில அஞ்சு பேர் இருக்கினமே!” என்றார் ஜெயமலர்.

“ஹரிஷா 2020இல தொடங்கினவள், ரீச்சர். எட்டாம் வகுப்பில ரெண்டு வருசம் இருந்திருக்கிறாள்.”

“ஓம், தங்கச்சியோட ஒண்டா இருந்தாள். ஹரிஷாவையும் இதுக்குள்ள போடும். பத்தில அஞ்சு, சரிபாதி.”

“அப்பிடி நினைச்சபடி போடேலாது, ரீச்சர்.”

“பிள்ளை எங்கட பிள்ளை. எந்த வருசத்தில போட்டா அவையளுக்கு என்ன?”

திங்கட்கிழமை நிர்வாகத்தின் அலுவலர் திருமதி கேர்பரைத் தொலைபேசியில் பிடித்தான். பள்ளியே பிள்ளையைத் திரும்பவும் அதே வகுப்பில் இருத்தியிருந்தால் அவள் புதிய 2021 தொகுதி. குடும்பம் கேட்டு இருத்தியிருந்தால் பழைய தொகுதி, அதிலும் தாமதமாக முடித்தவள். “யார் முடிவெடுத்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். போதும்” என்றார் அந்த அம்மாள். கேட்க இலகுவாகத்தான் இருந்தது.

அன்று மாலையே ஹரிஷாவின் தகப்பன் நித்தியானந்தனுக்கு அழைத்தான். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

“ரீச்சர் சொன்னவ, தம்பி. ரீச்சர் ஒண்டு சொன்னா நாங்கள் ஏனெண்டு கேக்கிறதோ?”

ஜெயமலரிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “தகப்பன் கேட்டவர். ரெண்டையும் ஒரு வகுப்பில விட்டா ஏத்தி இறக்கச் சுகம் எண்டு. வேலைக்குப் போற மனிசன். நான் மாட்டன் எண்டு சொல்லுறதோ?”

“உங்களிட்ட நேரே கேட்டவரோ?”

ஜெயமலர் யோசித்தார். “கேட்டவர் எண்டுதான் நினைக்கிறன்.”

திரும்பவும் தகப்பனுக்கு அழைத்தான். “ரீச்சர் உங்களிட்ட நேரே சொன்னவவோ, அண்ணை?” பாத்திரச் சத்தத்துக்கு மேலாக அவர் குரலை உயர்த்தினார். “சொல்லாமல் நாங்கள் விடுவமோ, தம்பி?”

இருவரில் எவரும் பொய் சொல்வதாகப் பிருந்தனுக்குத் தோன்றவில்லை. இருவரும் சொல்வது உண்மையாக இருக்கவும் வழியில்லை. நாள் முழுக்க விபத்து அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு இந்த இரண்டு மரியாதையான மனிதர்களை ஒப்பிடத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹரிஷாவையே கேட்டான். நடைக்கூடத்தில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“அண்ணா, கேட்டே ஆகவேணுமோ?”

“கேக்காட்டி இந்த அறையள் போயிடும்.”

அவள் நிமிர்ந்தாள். “அப்பாட்ட ரீச்சர் சொன்னவ எண்டு சொன்னன். ரீச்சரிட்ட அப்பா கேட்டவர் எண்டு சொன்னன்.”

“ஏனடி?”

“அந்த வருசம் எனக்குக் கிம்னாசியப் பள்ளிக்கூடத்துக்குப் போற தேர்வு. எட்டாம் வகுப்புத் தமிழ் எல்லாம் தெரியும். திருப்பியும் இருந்தா வீட்டுப்பாடம் இல்லைதானே.” பிறகு மெதுவாக, “அவையள் ஆளுக்காள் கேக்கமாட்டினம் எண்டு தெரியும்” என்றாள்.

பிருந்தனுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. பள்ளி, குடும்பம் என்று இரண்டே இரண்டு பதில்தான் உண்டு. ஹரிஷா இரண்டிலும் இல்லை.

திருமதி கேர்பருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னான்.

“பிள்ளை சொன்னதை விசாரிக்காமல் ஏற்று இருத்தியது பள்ளிதானே? அப்படியானால் அது பள்ளியின் முடிவு. அதிபர் அப்படியே எழுதிக் கையெழுத்திடட்டும்.”

“தகப்பனும் விசாரிக்கவில்லையே?”

“அதை நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை” என்றார் திருமதி கேர்பர்.

பிருந்தன் எழுதிக் கொடுத்த அந்த வரியை ஜெயமலர் இரண்டு தரம் வாசித்தார். “விசாரிக்காமல் எண்டு எழுதியே ஆகவேணுமோ? பள்ளிக்கூடத்தை ஒரு பெட்டை நடத்தினவள் எண்டெல்லோ இதுக்கு அர்த்தம்.”

“அந்தச் சொல் இல்லாட்டி அவள் 2020, ரீச்சர். நாலு பேர்தான் எண்டா அறையள் போயிடும்.”

“உமக்கு நல்லாத் தெரியுமோ?”

“இல்லை, ரீச்சர். எனக்கு இப்ப ஒண்டும் நல்லாத் தெரியாது.”

அவர் கையெழுத்திட்டார். பேனாவை மூடிவிட்டு எழுந்து, எதிரேயிருந்த எட்டாம் வகுப்பின் கதவைத் திறந்தார். அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று சோடி சோடியாகப் பிள்ளைகள் இருந்தார்கள். உயரம் கூடியவர்கள் பின்வரிசையில்.

“உங்களைத் திரும்பவும் இந்த வகுப்பில இருக்கச் சொன்னது ஆர்?”

“நீங்கள்தான், ரீச்சர்!” என்றது பின்வரிசை, சற்றும் தயங்காமல்.

ஜெயமலர் திரும்பிப் பிருந்தனைப் பார்த்தார். “நானோ சொன்னனான்?”