மல்ரிமீடியாவுக்கு வைத்த பொட்டு

நாவற்புலவு விவசாயிகளின் கமக்காரர் அமைப்பிடம் ஒரு மல்ரிமீடியா இருந்தது. சுவரில் படம் காட்டுகிற பெட்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கம் மூன்று வருடங்களுக்கு முன் அனுப்பி வைத்தது. வந்த அன்று ஊரே சுற்றி நின்று பார்த்தது. "கனடாக் கரண்ட் வேறை, எங்கடை கரண்ட் வேறை. பிளக்கைக் குத்தினால் புகைஞ்சிடும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சொன்னவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அமைப்பு நிறைவேற்றிய எந்தத் தீர்மானத்துக்கும் அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மரியாதை இருந்ததில்லை. பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது.

வருடத்தில் ஒருநாள், வாணி விழாவுக்கு மட்டும் அது வெளியே வரும். சரஸ்வதி படத்தின் முன் மண்வெட்டி, மருந்தடிக்கும் கருவி, கூட்டக் குறிப்புக் கொப்பி ஆகியவற்றோடு வரிசையில் இருக்கும். செயலாளர் சீவரத்தினம் தன் கையாலேயே அதற்குச் சந்தனம் வைப்பார். மூடிக்கு மேல் பொட்டு வைப்பது அவர் மனதுக்கு ஒப்பவில்லை. ஆகவே முன்மூடியைக் கழற்றி, உள்ளே பளபளத்த கண்ணாடியின் நட்டநடுவில் பெருவிரல் அகலத்துக்கு வைத்து, காய்ந்ததும் மூடியைப் போட்டுவிடுவார். மூன்று வருடம், மூன்று பொட்டு. ஒன்றின்மேல் ஒன்று.

இந்த ஆடி மாதம் அந்தப் பெட்டிக்கு உண்மையாகவே வேலை வந்தது.

ஊரின் தெற்கெல்லையில், கடல்நீரேரிக் கரையில் ஒரு உவர்நீர்த் தடுப்பணை இருக்கிறது. அதன் கதவுகள் துருப்பிடித்து உதிரத் தொடங்கி ஐந்து வருடம். உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி ஏறி முப்பது தோட்டக் கிணறுகளைக் கெடுத்துவிட்டது. முப்பத்தோராவது சீவரத்தினத்தின் கிணறு. ஒவ்வொரு நாளும் விடிய அவர் அதில் ஒரு கைத் தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார், பிறகு மனைவியோடு அரை மணித்தியாலம் கதைக்கமாட்டார். இந்த வருடம் மாகாணத்திலிருந்து மூன்று ஊர் அணைகளில் ஒன்றைத்தான் திருத்துவார்கள். எதை என்று தீர்மானிக்கும் குழு தை மாதமே வந்து அணைகளைப் பார்த்துவிட்டது. மாரி மழை முடிந்த கையோடு பார்த்தால் எந்த அணை பழுதாகத் தெரியும்? எந்தக் கிணறு உவர்க்கும்? இனி இருப்பது ஊருக்கொரு கூட்டம், அந்தந்த ஊர் மண்டபத்தில். ஊருக்கு அரை மணித்தியாலம், படங்களோடு விளக்கவும் என்று கடிதம் வந்தது. நாவற்புலவின் முறை கடைசி. பத்து மணிக்கு.

சீவரத்தினம் பேச்சாளர் இல்லை. மேடையில் ஏறினால் நன்றியுரைகூட நடுவழியில் நின்றுவிடும். அவரிடம் இருந்ததெல்லாம் ஊரின் வரைபடம் ஒன்றும், மூன்று கோடைகளில் கைபேசியில் எடுத்த நாற்பது படங்களும்தான். கருகிய வெங்காயப் பாத்திகள், வெள்ளை பூத்த வரம்புகள், கைவிட்ட கிணறுகள். படம் தெரிந்தால் அவர் கதைக்கத் தேவையில்லை. படம் தெரியாவிட்டால் கதை முடிந்தது.

கூட்டத்தன்று காலை பெட்டியை இணைத்து இயக்கித்தரக் குருநகரிலிருந்து றஜனி வந்தாள். கலியாண மண்டபங்களுக்கும் தேவாலயத் திருவிழாக்களுக்கும் ஒலி ஒளி வேலை செய்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டு மணிக்கே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வந்தவள் பெட்டியைத் தொடவேயில்லை. மண்டபத்தைச் சுற்றி நடந்தாள். யன்னல்களைப் பார்த்தாள். கதிரையில் இருந்து பார்த்தாள், எழும்பி வேறொரு கதிரையில் இருந்து பார்த்தாள். சுவரின் பிளக் துளையில் ஒரு சின்ன விளக்கைச் செருகிப் பார்த்தாள். சீவரத்தினத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை, பெட்டி இஞ்சை கிடக்கு," என்றார்.

"பெட்டி எங்கையும் போகாது ஐயா. வெயில்தான் ஒன்பது மணிக்கு அந்த யன்னலாலை உள்ளுக்கை வரும். முதல்லை அதை மூடவேணும்."

உரச்சாக்குகள் யன்னலுக்கு ஏறின. பச்சை அடித்த சுவரில் படத்தின் நிறம் கெட்டுவிடும் என்று வெள்ளைத் துணி கேட்டாள். தலைவர் சண்முகநாதன் வீட்டிலிருந்து தன் புது இரட்டை வேட்டியைக் கொண்டுவந்தார். அவள் அதைச் சுருக்கம் போக அழுத்திவரச் சொன்னாள். "கலியாணத்துக்கே நான் வேட்டி அழுத்திக் கட்டேல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு தலைவர் திரும்பிப் போனார். அழுத்தி வந்ததும் கரை தெரியாமல் மடித்துக் கட்டி, கீழ்விளிம்பில் இரண்டு கல்லைச் சுற்றித் தொங்கவிட்டாள். வேட்டி ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

பிறகுதான் பெட்டிக்கு வந்தாள். அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தாள்.

"நூறிலையிருந்து இருநூற்றி நாற்பது வோல்ட் வரைக்கும் எண்டு போட்டிருக்கு. கனடாவிலையும் ஓடும், இஞ்சையும் ஓடும். பிளக்கின்ரை கால் மட்டுந்தான் வேறை." தன் பையிலிருந்து ஒரு மாற்றியை எடுத்துப் பொருத்தினாள்.

மூன்று வருடம் அலுமாரிக்குள் கிடந்த பயம் அரை நிமிடத்தில் தீர்ந்தது. அடியில் எழுதியிருந்ததை வாசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று சீவரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றை அவர் தன் சால்வைக்குள் வைத்திருந்தார். காலையில் மண்டபத்தைத் திறந்தவுடன் முன்மூடியைக் கழற்றிப் பார்த்தார். சந்தனம் வெடித்துக் காய்ந்துபோய் இருந்தது. மற்றவர்கள் வருமுன் சால்வை நுனியால் தேய்த்தார். பொட்டுப் போய்விட்டது, கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

றஜனி பெட்டியை முதலில் இயக்கினாள், அது சூடேறும்வரை காத்திருந்தாள், பிறகு சீவரத்தினத்தின் படங்களை ஏற்றியிருந்த தன் கணினியின் வயரைச் செருகினாள். பெட்டியின் வெளிச்சத்தில் நீலமாக இருந்த வேட்டியில் படம் விழுந்தது. மண்டபத்தில் ஒரு சந்தோஷச் சத்தம் எழுந்து பாதியில் நின்றது. படம் விடியற்காலைப் பனிக்குள் இருந்தது. கருகிய பாத்தி எது, நல்ல பாத்தி எது என்று தெரியவில்லை. உப்பு எது, வெளிச்சம் எது என்றும் தெரியவில்லை.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் சண்முகநாதன். அவர் அப்போது ஒன்றுமே சொல்லவில்லை. "கனடாக்காரர் பழசைத்தான் தள்ளிவிட்டிருக்கினம். நிப்பாட்டுங்கோ. வாயாலை சொல்லுவம்."

வாயால் என்றால் யார் சொல்வது? எல்லோரும் சீவரத்தினத்தைப் பார்த்தார்கள். மணி ஒன்பது.

றஜனி பதறவில்லை. முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினாள். படத்தின் விளிம்புகள் கூர்மையாகின, பனி மட்டும் போகவில்லை. வேட்டிக்குக் கிட்டப் போய் மூக்கு முட்ட நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"பெட்டியிலை பிழை இல்லை. உள்ளுக்கை தூசி போயிருந்தால் படத்திலை அங்கையிங்கை புள்ளி தெரியும். இது படம் முழுக்கப் பனிப்புகார் மாதிரி. முன் கண்ணாடியிலைதான் ஏதோ பூசுப்பட்டிருக்கு." வெளிச்சத்தை நிறுத்தி, கைவிளக்கைச் சரித்துப் பிடித்தாள். "இஞ்சை பாருங்கோ, வட்டமாத் தேய்ச்சிருக்கு. ஆர் இதைத் துடைச்சது?"

சீவரத்தினம் ஒரு அடி முன்னால் வந்தார். முப்பத்தொரு கிணறு ஒரு பக்கம், தன் மானம் ஒரு பக்கம். எது பெரிதென்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"நான்தான் பிள்ளை. சந்தனம் வைச்சனான். மூண்டு வாணி விழாவுக்கும். இண்டைக்கு விடியச் சால்வையாலை துடைச்சனான்."

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். றஜனி சிரிக்கவில்லை. "நல்ல வேளை சொன்னியள். இல்லாட்டி நான் கழட்டத் தேவையில்லாததை எல்லாம் கழட்டியிருப்பன். சந்தனம்தானே, கொஞ்சம் நல்ல தண்ணி இருந்தால் போயிடும்."

ஒருவர் ஓடிப்போய்ப் பின்வளவுக் குழாயில் ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்து வந்தார். அவள் அதைப் பெட்டியின் கண்ணாடியில் வைக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதில் ஒரு துளி விட்டு, பெட்டியின் பக்கத்தால் சூடான காற்று வருகிற துவாரத்துக்கு நேரே பிடித்தாள். துளி காய்ந்தது. இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மிஞ்சியது.

"எங்கடை குருநகரிலை தண்ணி வாங்கித்தான் குடிக்கிறது. உப்பைக் கண்டால் தெரியும்," என்றாள். "இதைப் போட்டால் சந்தனம் போய் உப்புப் படியும்."

ஊரான் பெட்டிக்காகத் தன் கண்ணாடியில் சோதித்துப் பார்க்கிற ஒருத்தியைச் சீவரத்தினம் அன்றுதான் கண்டார். அவருக்கு அவளைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. அவள் தன் போத்தல் தண்ணீரை எடுத்து, மெல்லிய துணியில் இரண்டு துளி நனைத்து, நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று ஒற்றினாள். குழந்தையின் கண்ணில் பூளை எடுப்பதுபோல. அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. துணி இலேசாக மஞ்சளானது. மறுபடி இயக்கியபோது வெங்காயப் பாத்தியின் ஒவ்வொரு கருகிய தாளும் வேட்டியில் எண்ணத் தெரிந்தது.

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். சீவரத்தினம் மட்டும் மேசையில் கிடந்த அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரில் தொங்கிய இரண்டு முன்னாள் தலைவர்களின் படங்களை இறக்கி, சட்டத்திலிருந்து கண்ணாடிகளை மட்டும் உருவி எடுத்தார்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் சண்முகநாதன்.

"வாறன் அண்ணை," என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஊரின் நடுவில் பிள்ளையார் கோவில் கிணறு இன்னும் நன்றாக இருந்தது. ஒரு கண்ணாடியை அந்தத் தண்ணீரில் நனைத்தார். மற்றதைத் தன் கிணற்றில் நனைத்தார். ஆடி வெயிலில் காயவைத்து, திரும்பவும் நனைத்து, திரும்பவும் காயவைத்தார். வேர்க்க விறுவிறுக்க அவர் மண்டபத்துக்குள் நுழைய, குழுவின் வாகனம் வாசல் படலையில் வந்து நின்றது.

குழுத் தலைவி பொறியியலாளர் பாலேஸ்வரி. அதிகம் கதைக்காத, அதிகம் நம்பாத அம்மா. நாற்பது படங்களையும் அமைதியாகப் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"படம் நல்ல தெளிவாயிருக்கு. ஆனால் மற்ற இரண்டு ஊர்க்காரரும் இப்பிடித்தான் காட்டினவை. எந்தக் கிணறு, எப்ப எடுத்தது எண்டு படம் சொல்லாதே."

சீவரத்தினம் எழுந்தார். கையில் இரண்டு கண்ணாடிகளும் இருந்தன. றஜனியைப் பார்த்தார். அவளுக்கு விளங்கிவிட்டது. கேட்காமலே ஊரின் வரைபடத்தை வேட்டியில் போட்டாள், அணையும் தோட்டங்களும் கோவிலும் தெரிகிற படம். அவர் பெட்டிக்கு அருகில் போய் முதற் கண்ணாடியை அதன் முன்னால் பிடித்தார். படம் இலேசாக மங்கியது, ஆனாலும் எல்லாம் வாசிக்க முடிந்தது.

"கோயில் கிணத்துத் தண்ணி மிஸ். நனைச்சுக் காயவைச்சது."

"யாழ்ப்பாணத்துத் தண்ணி எல்லாத்திலையும் சுண்ணாம்பு இருக்குத்தானே," என்றார் குழுவில் இன்னொருவர்.

"ஓம் ஐயா. அதுதான் இது." அவர் அடுத்த கண்ணாடியைப் பிடித்தார்.

ஊர் காணாமல் போனது. அணை, வாய்க்கால், தோட்டங்கள், கோவில், எல்லாம் வெள்ளைப் புகாருக்குள் மூழ்கிவிட்டன.

"இது என்ரை கிணறு," என்றார் சீவரத்தினம். "இண்டைக்கு அள்ளினது. வாங்கோ, நீங்களே ஒருக்கா நனைச்சுப் பாருங்கோ." வாழ்க்கையில் அவர் மேடையில் முழுமையாகச் சொல்லி முடித்த முதற் பேச்சு அதுதான்.

பாலேஸ்வரி எழுந்து வந்தார். கண்ணாடியை வாங்கி, பெட்டியின் முன்னாலேயே பிடித்தபடி விரலால் ஒரு கோடு இழுத்தார். வேட்டியில் அந்தக் கோட்டளவுக்கு ஊர் மங்கலாகத் திரும்பி வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இப்பிடிக் காட்ட ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை மிஸ். நான் இந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைச்சுப் படத்தைக் கெடுத்துப்போட்டன். அந்தப் பிள்ளைதான் ஏன் கெட்டதெண்டு கண்டுபிடிச்சது." அவர் றஜனியைக் காட்டினார். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரிக்காத பாலேஸ்வரிகூடச் சிரித்துவிட்டார்.

கோவில் கிணற்றையும் சீவரத்தினத்தின் கிணற்றையும் குழு நேரே போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. வாகனத்தில் ஏறுமுன் அந்த அம்மா இரண்டு கண்ணாடிகளையும் கடதாசியில் சுற்றித் தரச் சொன்னார். "துடைச்சுப் போடாதேங்கோ. அறிக்கையோடை வைக்கவேணும். அணைக் கதவுகளை அளக்க வாற கிழமை ஆக்கள் வருவினம்."

சண்முகநாதன் சீவரத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். கண்ணாடியில்லாத இரண்டு முன்னாள் தலைவர்களையும் யாரோ பத்திரமாக அலுமாரியில் வைத்தார்கள். ஆட்கள் வேட்டியை அவிழ்க்க, யன்னல் சாக்குகளை இறக்க, மண்டபத்துக்குள் வெளிச்சம் வந்தது. சீவரத்தினம் சந்தோஷத்தில் தானும் ஒரு கை கொடுக்கலாம் என்று பெட்டியின் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"பிடுங்காதேங்கோ ஐயா!" றஜனி ஓடிவந்தாள். "படம் நிண்டாலும் உள்ளுக்கை சூடு இருக்கு. காத்தாடி தானா நிக்கவேணும். இரண்டு நிமிசம்."

மண்டபத்தில் ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே தேத்தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. காலையில் அவளை அவசரப்படுத்திய மனுசன், கையைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார். காற்றாடி மெல்ல மெல்லக் குறைந்து நிற்கும்வரை பொறுத்திருந்தார். நின்றதும் அவரே பிளக்கைக் கழற்றி, வயரை அவள் சுற்றுகிற மாதிரியே சுற்றி, முன்மூடியை எடுத்துக் கண்ணாடிக்குப் போட்டார்.