பிசிறில்லாத மூங்கில்

மூங்கிலை வாங்கி வந்தது ராஜாம்பாள்தான். மகள் துர்கா விருத்தாசலத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கம்பூன்றித் தாண்டப் பெண்கள் யாரும் பேர் கொடுக்கவில்லை என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னதும் கையைத் தூக்கிவிட்டாள். கல்லூரியில் கம்பும் கிடையாது, விழ மெத்தையும் கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ராஜாம்பாளுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். சூளைக்குப் போகுமுன் அதைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரப் பஞ்சால் துடைத்து அனுப்ப வேண்டும். இருபது வருஷமாக அதையேதான் செய்தாள். மூங்கிலையும் பொம்மை மாதிரியே பாவித்துக் கணுக்கணுவாகத் தேய்த்தாள். பதினோரு அடி முடிய ஒன்பது நாள் பிடித்தது.

"எம்பொண்ணு கையில ஒரு சிராய் ஏறக் கூடாது" என்று தன் கன்னத்தை அதில் வைத்து இழுத்துப் பார்ப்பாள்.

கம்பெனியில் பொம்மைகளைப் பொதிந்து கட்டுகிற வைக்கோலைக் கேட்டு வாங்கி நாலு சாக்கில் திணித்துக் கொடுத்தாள். அவற்றின் மேல் விழுந்து விழுந்தே துர்கா ஏழடி தாண்டப் பழகினாள்.

போட்டி கடலூரில். பாசஞ்சர் ரயிலில் மூங்கிலைச் சீட்டுகளுக்கு அடியில் நீளவாக்கில் நுழைத்தார்கள். போகிற வருகிறவர்கள் காலெல்லாம் அதில் இடித்தது.

"என்னாக்கா, பந்தல் போடப் போறீங்களா?" என்றார் எதிர்சீட்டுக்காரர்.

"போட்டிக்குங்க. எம்பொண்ணு இத ஊணி ஒசரம் தாண்டுவா."

"தாண்டி அந்தாண்ட வுழுந்தா புடிக்கறதுக்கு நீங்களா?"

பெட்டியே சிரித்தது. ராஜாம்பாளும் சிரித்தாள். துர்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைதானத்தில் மற்ற மூன்று பெண்களும் நீளமான பைகளிலிருந்து பைபர் கம்புகளை உருவினார்கள். அவர்களில் ஒருத்தி துர்காவின் கையைப் பார்த்தாள். "ஒட்டடை அடிக்க ஆள் வந்தாச்சுடி!"

நடுவர் மூங்கிலை வாங்கி ஒருமுறை நீவிப் பார்த்தார். "தாராளமா செல்லும்மா. எதுல செஞ்சதா இருந்தாலும் வழவழன்னு இருக்கணும், அவ்ளோதான். யாரு இத இப்படித் தேய்ச்சது?"

வேலிக்கு வெளியே, விரல்களைக் கம்பி வலைக்குள் விட்டபடி ராஜாம்பாள் நின்றிருந்தாள். மூன்று பெண்களும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"கடையில வாங்கினது சார்" என்றாள் துர்கா.

பேர் கூப்பிட்டபோது எழவில்லை. வயிற்றுவலி என்றாள். நடுவர் பேரை அடித்தார்.

"ஏன்டி தாண்டல?" என்று அம்மா வேலியோரமாகவே ஓடி வந்தாள்.

"மூங்கில் செல்லாதுன்னுட்டாங்கம்மா."

ராஜாம்பாள் மூங்கிலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "எம்மேலதான் தப்பு. கேட்டுட்டு வாங்கியிருக்கணும்."

ஊரிலும் அதையேதான் சொன்னாள். தெருவில் யார் விசாரித்தாலும், "அவ மேல தப்பில்லீங்க, நான்தான் ஆவாத கம்ப வாங்கிக் குடுத்துட்டேன்" என்பாள். துர்கா பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறாள். ஒருநாள் கூரைச் சரிவிலிருந்து மூங்கிலை இறக்கி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் ராஜாம்பாள்.

"அடுத்த வருஷம் சட்டத்த மாத்துனாலும் மாத்துவாங்க. அதுக்குள்ள பூச்சி அரிச்சிடக் கூடாதுல்ல."

சொல்லிவிடலாம் என்றுதான் துர்கா வாயைத் திறந்தாள். "சோறு ஆறுதும்மா" என்றுதான் வந்தது.

ஆடி மாதம் ராஜாம்பாளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைத்தான் தூக்கி வந்தார்கள்.

பாடைக்கு மூங்கில் தேடியபோது, தாய்மாமன் குருமூர்த்தி கூரைச் சரிவில் இருந்ததை உருவிக் கொடுத்தார். பாடை கட்ட வந்த பங்காளி நடராசன் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்த்தார்.

"காஞ்சது. பச்ச மூங்கில்தான் வேணும். இது செல்லாது."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த துர்கா எழுந்து வாசலுக்கு வந்தாள். "செல்லும்."

"முறைன்னு ஒண்ணு இருக்குதுல்லம்மா" என்றார் நடராசன். துர்கா தாய்மாமன் பக்கம் திரும்பினாள்.

"கடலூர்ல செல்லும்னுதான் சொன்னாங்க மாமா. நான்தான் தாண்டல. வெக்கமா இருந்துது. அம்மா வேலிகிட்ட நின்னுட்டு இருந்தாங்க, அதான்."

குருமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புள்ள என்னமோ பேசுது, தண்ணி குடுங்க" என்றார். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அணைத்துப் பிடித்து, "அழுதுடு கண்ணு, அழுதுடு" என்றாள். நடராசன் பச்சை மூங்கிலுக்கு ஆளை அனுப்பினார்.

சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல், கேட்டும் விளங்காதவர்களிடம் சொல்லியாகிவிட்டது. துர்கா விருத்தாம்பாளின் கையை விலக்கிவிட்டுச் சுவரோரம் போனாள். எல்லாரும் பார்க்க, கன்னத்தை மூங்கிலில் வைத்து மெல்லக் கீழே இழுத்தாள். வேப்பெண்ணெய் வாடை அடித்தது. ஒரு கணுகூடத் தட்டவில்லை.